நகரியில் ஒரு எலும்பு டாக்டர், பக்கத்தில் புத்தூர்க் கட்டு: விளம்பரம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் எம்.எஸ். ஆர்த்தோ என்ற எலும்பு மருத்துவப் பட்டம் முடித்த ஒருவர் கிளினிக் திறந்தால் அவருக்குப் போட்டி இன்னொரு எம்.எஸ். ஆர்த்தோ கிடையாது. அதே திருப்பதி சாலையில் கொஞ்சம் மேலே போனால் வரும் புத்தூர்தான் போட்டி. எலும்பு முறிந்தால் நாட்டுக் கட்டுப் போடப் புத்தூருக்குப் போவது இந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம். சென்னையில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் 'புத்தூர் கட்டு' என்று ஒரு போர்டு தொங்கும். அதில் எத்தனை பேருக்கு அசல் புத்தூரோடு சம்பந்தம் இருக்கிறது என்பது வேறு கதை. ஒரு ஊரின் பெயரே விளம்பரமாகிவிட்ட பிறகு, அந்த ஊருக்கு அடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு டாக்டர் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது? நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு கிளினிக்கின் கதை இது. டாக்டரின் பெயரும் கிளினிக்கின் பெயரும் இங்கே தேவையில்லை. விளம்பர வேலையை எடுத்துக்கொண்ட சென்னைக் கம்பெனியின் பெயரும் வேண்டாம்.

எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அப்பாவைக் கூப்பிடுவது 'நைனா' என்று இங்கே எல்லாம் கலந்துதான் இருக்கும். ஊரின் ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெயர் ஏகாம்பரகுப்பம். ஊரெல்லாம் விசைத்தறி. தறியில் ஓடும் நாடா தெறித்து அடிபடுவது, ஈரத் தரையில் வழுக்கி விழுவது, நெடுஞ்சாலையில் பைக் விபத்து, புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகிறவர்களின் முழங்கால் என்று எலும்பு டாக்டருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நம் டாக்டரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான்.

கம்பெனி போட்ட திட்டம்

திறப்பு விழாவுக்கு முன்பே கம்பெனி ஒரு திட்டத்தோடு வந்தது. பஸ் ஸ்டாண்ட் அருகே பெரிய பிளெக்ஸ். அதில் டாக்டர் கைகட்டி நிற்கும் படம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எலும்பு டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 'ராயலசீமாவின் நம்பர் 1', 'நூறு சதவீதம் குணம்' என்று வாசகங்கள். குணமான நோயாளிகள் பேசும் ரீல்ஸ். கூகுளில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள். அப்புறம் ஒரு பி.ஆர்.ஓ.

பி.ஆர்.ஓ. என்றால் பத்திரிகைக்காரர்களிடம் பேசுகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இந்த வட்டாரத்தில் அவர் வேலை வேறு. பைக் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், எம்.பி.பி.எஸ். படிக்காமல் ஊசி போடும், ஊரில் ஆர்.எம்.பி. என்று சொல்லும் டாக்டர்களைப் பார்த்து, கேஸ் அனுப்பினால் இவ்வளவு என்று பேசி, மாதக் கடைசியில் பணக் கவர் கொடுத்துவிட்டு வருவது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. சின்ன கிளினிக்கும் இதைச் செய்தால்தான் பிழைக்கும் என்பது கம்பெனியின் வாதம்.

திட்டத்தில் கடைசியாக இருந்ததுதான் வினையாக முடிந்தது: புத்தூர்க் கட்டுக்கு எதிரான பிரச்சாரம். 'நாட்டுக் கட்டை நம்பிக் கையை இழக்காதீர்கள்' என்று ஒரு வீடியோ. அதற்கு ஒரு சிறுவனின் கதையை எடுத்துக்கொண்டார்கள். மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. வீட்டில் கட்டுக்காரரிடம் அழைத்துப்போயிருக்கிறார்கள். கட்டு இறுக்கம். விரல்கள் வீங்கி மரத்துப்போன பிறகுதான் இந்தக் கிளினிக்குக்கு வந்தான். டாக்டர் கட்டை வெட்டி எடுத்து, அன்றே திருப்பதிக்கு அனுப்பிவைத்தார். கை பிழைத்தது, ஆனால் விரல்கள் முழுதாக விரியவில்லை. கம்பெனி ஆட்கள் அவன் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்தார்கள். முகத்தை மங்கலாக்கினார்கள். அப்பாவிடம் கேட்டுத்தான் எடுத்தோம் என்றார்கள். என்ன கேட்டார்கள், அவருக்கு என்ன புரிந்தது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.

வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி இரண்டு நாள் ஆவதற்குள் அப்பா கிளினிக்குக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"புள்ள மூஞ்சிய மறைச்சீங்க சார். பின்னால எங்க தறி தெரியுதே. எங்கம்மா குரல் கேக்குதே. ஊரே எங்கம்மாவப் பாத்து, நீதானே கட்டுக்காரங்கிட்ட தூக்கினு போனேன்னு கேக்குது. அது மூணு நாளா சாப்புடல."

டாக்டர் அன்றைக்கே வீடியோவை எடுக்கச் சொன்னார். ஆனால் வாட்ஸ்அப்பில் போனதை யார் திரும்ப எடுப்பது?

அடுத்து வந்தது திருத்தணியில் பல வருடமாகத் தொழில் செய்யும் ஒரு மூத்த டாக்டரின் போன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, போர்டுல உங்க போட்டோ எதுக்கு? விதியைப் படிச்சீங்களா?" படிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று வருடம் படித்த நிறையப் பேர் இந்த விதிகளை ஒருமுறைகூடத் திறந்து பார்ப்பதில்லை. கல்லூரியில் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

விதி என்ன சொல்கிறது

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகள்தான் இன்றும் நடைமுறையில் இருப்பவை. 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை அறிவித்தது. சமூக ஊடகத்தில் டாக்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் தனிப் பகுதியே இருந்தது. மருந்தின் பொதுப்பெயர் எழுதும் விஷயத்தில் எதிர்ப்பு கிளம்பி, அதே மாதம் 23ஆம் தேதி அந்த விதிகளை நிறுத்திவைத்து, பழைய 2002 விதிகளுக்கே திரும்பினார்கள். ரீல்ஸ் என்ற ஒன்று பிறக்கும் முன்பு எழுதிய விதியை வைத்துத்தான் ரீல்ஸையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேராகவோ சுற்றிவளைத்தோ நோயாளியைத் தன்னிடம் வரும்படி அழைப்பது ஒழுக்கக்கேடு என்கிறது விதி 6.1. போர்டிலும் லெட்டர்ஹெட்டிலும் சொந்தப் படம் போடுவது சுயவிளம்பரம். போர்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. அதில் பெயர், பட்டம், சிறப்புத் துறை, பதிவு எண், எந்த மாநிலக் கவுன்சில் என்பது தவிர வேறு எதுவும் கூடாது. மருந்துக் கடையிலோ, தான் வேலை பார்க்காத இடத்திலோ போர்டு மாட்டக் கூடாது. நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தப்பு, 6.4 இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது. ஆக, பி.ஆர்.ஓ. கொண்டுபோகும் கவர் முதல் நாளிலிருந்தே விதிமீறல். ஊர் முழுக்க நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

நோயாளியின் அடையாளம் தெரியும்படி படத்தையோ கேஸ் விவரத்தையோ அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்றும் இருக்கிறது. முகத்தை மறைத்தால் போதும் என்று அதில் எங்கும் இல்லை. நகரி மாதிரி ஊரில் தறியும் வாசல் படியும் பாட்டி குரலும் முகத்தைவிட நன்றாக ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை எல்லாம் 'கூடாது'. டாக்டர்களிடம் இந்த விதிகளைப் பற்றிப் பேசினால் அவர்கள் சொல்வதும் அதுதான்: வாயைக் கட்டிவிட்டார்கள், கார்ப்பரேட் ஆஸ்பத்திரி மட்டும் பக்கம் பக்கமாக விளம்பரம் போடுகிறது என்று. அந்த ஆதங்கத்தில் நியாயம் உண்டு. நிறுவனம் என்றால் பெயர், சேர்க்கும் நோயாளி வகை, வசதிகள், கட்டணம் ஆகியவற்றை விளம்பரப்படுத்தலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அந்த இடைவெளியில் யானையே புகுந்து போகிறது.

ஆனால் அதே விதியில் டாக்டர் தாராளமாக அறிவிக்கலாம் என்று ஏழு விஷயங்கள் இருக்கின்றன. தொழில் தொடங்குவது. தொழிலின் வகை மாறுவது. முகவரி மாறுவது. தற்காலிகமாக ஊரில் இல்லாதது. திரும்ப வந்து தொழிலைத் தொடர்வது. இன்னொருவரின் தொழிலை ஏற்றுக்கொள்வது. கட்டணத்தைப் பொதுவில் அறிவிப்பது. பொதுச் சுகாதாரம் பற்றித் தன் பெயரில் பத்திரிகையில் எழுதலாம், கூட்டத்திலும் ரேடியோவிலும் டிவியிலும் பேசலாம் என்பதும் தனியாக உண்டு.

முதலில் படிக்கும்போது இது கஞ்சத்தனமான பட்டியலாகத்தான் தெரிந்தது. பிறகு நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தோம். கை முறிந்த பையனைத் தூக்கிக்கொண்டு பாலசமுத்திரத்திலிருந்தோ பள்ளிப்பட்டிலிருந்தோ ஆட்டோ பிடிக்கும் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும்? டாக்டர் எங்கே, இப்போது இருக்கிறாரா, எவ்வளவு ஆகும். 'நம்பர் 1' என்பது அவருக்கு எதற்கும் உதவாது. நோயாளிக்கு உண்மையில் வேண்டிய சேதியையெல்லாம் விதி அனுமதிக்கிறது. கம்பெனி போட்ட திட்டத்தில் அந்த ஏழில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கூகுள் மேப்பில் கிளினிக் இடம்கூட ஒரு தெரு தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது.

மாற்றியது

பிளெக்ஸ் இறங்கியது. சின்ன போர்டு வந்தது, தெலுங்கிலும் தமிழிலும் இங்கிலீஷிலும். டாக்டர் வாரத்தில் சில மாலைகள் திருத்தணியிலும் உட்காருவார். அங்கே தமிழ்நாடு கவுன்சிலின் பதிவு எண், இங்கே ஆந்திரா கவுன்சிலின் பதிவு எண். எல்லையோர டாக்டர்கள் பலர் ஒரே லெட்டர்ஹெட்டை இரண்டு பக்கமும் ஓட்டுவார்கள். இவர் இரண்டாக அச்சடித்தார்.

அதிகம் வேலை செய்தது 'டாக்டர் இல்லை' அறிவிப்பு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி சாலை காவடிக் கூட்டத்தில் அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் திருத்தணி மாலை ஓ.பி. கிடையாது. மாநாடு, வீட்டு விசேஷம், எதுவானாலும் முன்கூட்டியே வாசலில் எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, எதிரே மெடிக்கல் ஷாப்பிலும் டீக்கடையிலும் சொல்லிவைத்தார்கள். இல்லாதபோது அவசரம் என்றால் எங்கே போக வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. மற்ற ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வதா என்று நர்ஸே தயங்கினார். டாக்டர் சொன்னது: "நான் இல்லாதப்ப வந்து கதவைத் தட்டிட்டுப் போறவரு அடுத்த தடவ வருவாரா?"

கட்டணப் பலகை வைத்தார்கள். ஓ.பி., எக்ஸ்ரே, மாவுக்கட்டு, கட்டுப் பிரிப்பு, எல்லாவற்றுக்கும். மறுபார்வைக்கு எத்தனை நாள் வரை காசு இல்லை என்பதும் அதில். கூடவே ஒரு தாளில் கார்டு விஷயம். எல்லையில் தினமும் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டையோடு சிலர் வருவார்கள், ஆரோக்கியஸ்ரீ என்று மக்கள் இன்னமும் சொல்லும் ஆந்திரத் திட்டத்தின் அட்டையோடு சிலர் வருவார்கள். இந்தக் கிளினிக்கில் இரண்டும் செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது. ஆபரேஷன் தேவை, காசு இல்லை என்றால் திருப்பதியில் ருயா அரசு ஆஸ்பத்திரி, தேவஸ்தானம் நடத்தும் எலும்பு மருத்துவமனையான பிர்ட் என்று வழிகாட்டுவது. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அந்தப் பக்கம் இலவசம் என்ற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நகரிக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. திருத்தணிப் பக்கம் அடிபட்டாலும் ஊருக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். இதையும் தாளில் சேர்த்தார்கள். விளம்பரக் கணக்கில் பார்த்தால் வருகிற கேஸை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற தாள்.

கட்டுக்காரரோடு பேச்சு

சிறுவனின் வீடியோ விவகாரத்தில் டாக்டரை அதிகம் உறுத்தியது வேறொன்று. கையைக் கெடுத்தது பச்சிலையும் முட்டை வெள்ளையும் மூங்கில் பட்டையும் அல்ல, இறுக்கம். குழந்தைக்கு முழங்கைக்கு மேலே முறிந்தால் வீக்கம் வேகமாக ஏறும். சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, ஆறு மணி நேரத்துக்குள் தசை சாக ஆரம்பிக்கும். பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிடும். 1881இல் வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதை எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டு இறுகினாலும் இதேதான் நடக்கும். அதனால்தான் முதல் சில நாள் முழுச் சுற்றாகப் போடாமல் அரைக்கட்டு போடுகிறார்கள். வீடியோ மறைத்த உண்மை இதுதான். 'அவன் கட்டினால் கை போகும், நான் கட்டினால் போகாது' என்பது எந்த எலும்பு டாக்டரும் மனசாட்சியோடு சொல்லக்கூடிய வார்த்தை அல்ல.

அதற்குப் பதிலாக ஒரு அரைப் பக்கத் தாள் வந்தது, பெரிய எழுத்தில், இரு மொழியிலும். எந்தக் கட்டு போட்டிருந்தாலும், யார் போட்டிருந்தாலும்: விரல் நுனி நீலமோ வெளுப்போ ஆனால், சில்லிட்டால், மரத்துப்போனால், விரலை மெதுவாக நீட்டிவிட்டாலே குழந்தை துடித்து அழுதால், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிளினிக் பெயர் கீழே சின்னதாக. தெலுங்கு வாசகத்தை அந்தச் சிறுவனின் பள்ளி ஆசிரியர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தார். பள்ளிகளிலும் தறிப் பட்டறைகளிலும் இதை வைத்து டாக்டர் பேசினார். பொதுச் சுகாதாரப் பேச்சு என்பதால் விதிக்குள் அடங்கும்.

பிறகு டாக்டர் பக்கத்துக் கிராமத்தில் கட்டுப் போடும் ஒரு முதியவரைப் போய்ப் பார்த்தார். உடன் வந்த கம்பவுண்டர் சொன்னதை வைத்து எழுதுகிறேன். முதியவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார். அப்புறம் நேராகக் கேட்டாராம்: "என் பொழப்ப நிறுத்தச் சொல்ல வந்தீங்களா சாமி?"

"இல்ல பெரியவரே. மூணு விஷயம் மட்டும். எலும்பு தோலைக் கிழிச்சி வெளிய வந்திருந்தா கட்டாதீங்க. விரல் மரத்திருந்தா கட்டாதீங்க. சின்னப் புள்ளைக்கு முழங்கைனா கட்டாதீங்க. எங்கிட்டதான் அனுப்பணும்னு இல்ல, திருப்பதிக்கு அனுப்பினாலும் சரி."

"அனுப்பினா எவ்வளவு வேணும்னு உங்க ஆளு கேட்டுனு வந்தான். நீங்க என்ன தருவீங்க?"

"ஒண்ணும் தரமாட்டேன்."

முதியவர் சிரித்தாராம். தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

இதை எல்லா டாக்டர்களும் ஏற்கவில்லை. தகுதியில்லாதவரோடு எந்த உறவும் வைத்துக்கொள்வது அவரை அங்கீகரிப்பதுதான் என்பது திருத்தணி மூத்த டாக்டரின் கருத்து. அது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. கட்டுக்காரருக்கு எக்ஸ்ரே எடுத்துக் கொடுப்பது, சீட்டு எழுதிக் கொடுப்பது என்று அடுத்த படிக்குப் போயிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்ததோடு நின்றது வரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

நட்சத்திரங்கள்

கூகுளில் கம்பெனி வாங்கிப் போட்டிருந்த மதிப்புரைகளைப் படித்தால் சிரிப்பு வரும். நகரிக்கு வந்தே இராத வடநாட்டுப் பெயர்கள், ஒரே மாதிரி இங்கிலீஷ், அதில் ஒருவர் பல் வைத்தியத்தைப் பாராட்டியிருந்தார். அவற்றை நீக்கச் சொன்னதில் மொத்த மதிப்பெண் இறங்கியது.

ஒற்றை நட்சத்திரம் ஒன்று வந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்தேன், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார், நேரம் வீண் என்று. கம்பெனி எழுதித் தந்த பதிலில் அவர் வந்த தேதி, என்ன முறிவு, ஏன் ஆபரேஷன் தேவையில்லை என்று எல்லாம் இருந்தது. வாதத்தில் ஜெயிக்கிற பதில். ஆனால் நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. நோயாளியே பொதுவில் பேசிவிட்டார் என்பதால் அந்தக் கடமை டாக்டரை விட்டுப் போய்விடாது. 'எங்களிடம் வந்தீர்கள்' என்பதை உறுதிசெய்வதே ஒரு தகவல்தான். கடைசியில் போட்ட பதில்: காத்திருப்பு பற்றிய புகாரை எடுத்துக்கொள்கிறோம், கிளினிக்கை நேரிலோ போனிலோ தொடர்புகொள்ளுங்கள். அதற்குப் பிறகு டோக்கனுக்கு நேரம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புகார் சொன்னவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை.

என்ன ஆனது

ஓ.பி. நோட்டில் 'யார் சொல்லி வந்தீர்கள்' என்று ஒரு பத்தி சேர்த்தார்கள். அட்டெண்டர் கேட்டு எழுதுவார். பி.ஆர்.ஓ.வை நிறுத்தியதும் ஆர்.எம்.பி.க்களிடமிருந்து வந்த கேஸ்கள் வற்றிப்போயின. அந்த மாதங்களில் எக்ஸ்ரே மெஷினுக்குத் தவணை கட்டவே டாக்டர் வீட்டில் நகையை வைக்க வேண்டியிருந்தது. சில ஆர்.எம்.பி.க்கள் பிறகும் அனுப்பவே இல்லை; கவர் வேறு பக்கமிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகு நோட்டில் வர ஆரம்பித்த பதில்கள்: பக்கத்து வீட்டார், மெடிக்கல் ஷாப், பள்ளிக்கூடத்தில் கொடுத்த தாள், 'ரேட்டு போர்டு பாத்தோம்', 'திருப்பதிக்குப் போகச் சொன்னாரே, அவர்'. அந்தக் கடைசிப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கார்டு இருக்கிறது, பிர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பப்பட்டவர்கள் ஊரில் போய்ச் சொல்லி, அவர்களின் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ரீல்ஸ் பார்த்தோம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 'பார்த்தோம்' என்பார்களே தவிர, 'அதனால் வந்தோம்' என்றதில்லை. இதை ஆதாரம் என்று நீட்டி முழக்க முடியாது. ஒரு கிளினிக், ஒரு நோட்டு, ஒரு அட்டெண்டரின் கையெழுத்து, அவ்வளவுதான். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் மிச்சம் இருப்பது மேப்பில் இடத்தைச் சரியாக்குவதும், நேரத்தையும் விடுமுறையையும் அவ்வப்போது மாற்றுவதும் மட்டும்.

அந்தச் சிறுவன் விரல் பயிற்சிக்கு வருகிறான். அப்பா அழைத்து வருகிறார், பாட்டி வருவதில்லை.

தீராமல் இருப்பது புரட்டாசி முகாம். திருமலைக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாலையோரம் பந்தல் போட்டு, மோர் கொடுத்து, கால் கொப்புளத்துக்கு மருந்து போடுவார்கள். டாக்டரும் ஒரு பந்தலில் உட்கார்ந்தார். நல்ல காரியம்தான். போன தடவை உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் அந்தப் பந்தலுக்கு வைத்த பேனரில் தன் படத்துக்குப் பக்கத்தில் டாக்டர் படத்தையும் போட்டுவிட்டார். எடுக்கச் சொன்னால், "நம்ம டாக்டர்தானே சார், இதுல என்ன" என்றார். கடைசி நடைக்கூட்டம் போகும் வரை பேனர் இறங்கவில்லை. இந்தத் தடவை பந்தல் செலவில் பாதியைத் தானே ஏற்கிறேன், பேனர் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிரமுகர் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.